நிற்க வைத்து அளக்கவில்லை

என்னால் மூன்று நிமிடம் ஒரே இடத்தில் சும்மா நிற்க முடியாது. பஸ் ஸ்டாப்பில்கூட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பேன். பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்கச் சொன்னால் அதற்குள் இரண்டு பாத்திரம் கழுவி, ஜன்னலைத் துடைத்து, பாலையும் பொங்க விட்டிருப்பேன். என் கணவர் எனக்கு நேர்மாறு. வெலிங்டனில் ராணுவக் கிடங்கில் சிவிலியன் ஊழியராக முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வேலையைச் சொன்னாலும் முதலில் உட்கார்ந்து அதைப் பற்றி யோசிப்பார். எழுந்திருக்கும்போது மட்டும் விருட்டென்று எழுந்திருப்பார். அதிகாரி உள்ளே வந்தால் எழுந்து நின்று பழகிய உடம்பு அது.

அந்த விருட்டென்ற எழுச்சியைத்தான் நான் இரண்டு வருடம் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் கண்டுபிடித்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்டு. எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் விழக் கூடாது, முக்கியமாகத் தலையில் அடிபடக் கூடாது, உள்ளே கசிய ஆரம்பித்தால் நிற்காது என்றார். என் கணவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அன்றைக்கு என்னைப் பிடித்தது பயம். மலையிறங்கிப் போன நான் வேறு, அன்று சாயங்காலம் மலையேறி வந்த நான் வேறு.

எங்கள் வீடு வெலிங்டனுக்கும் குன்னூருக்கும் நடுவே ஒரு சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து முப்பத்தெட்டுப் படி ஏற வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் படிகளை நான் எண்ணியதே இல்லை. வந்த மறுநாளே எண்ணினேன். எந்தப் படியில் பாசி, எந்தப் படியில் விளிம்பு உடைந்திருக்கிறது என்று பார்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். குளியலறையில் ரப்பர் விரிப்பு, கட்டிலோரத்தில் கைப்பிடி, மேசை முனைகளுக்குப் பழைய ஸ்வெட்டர் துணி. "ஊட்டுக்கே ஸ்வெட்டர் போட்டுட்டியா புள்ள?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது கீரை. அந்த மாத்திரைக்கும் வைட்டமின் கே-க்கும் ஆகாது. கீரையிலும் கோஸிலும் அது நிறைய உண்டு. ஒரு நாள் அள்ளிச் சாப்பிட்டு ஒரு நாள் விட்டுவிட்டால் மாத்திரையின் வேலை ஏறி இறங்கிவிடும். நிறுத்த வேண்டாம், ஒரே அளவாகக் கொடுங்கள் என்பதுதான் டாக்டர் சொன்னது. ஒரே அளவு என்றால் எனக்கு ஒரே அளவுதான். வாரத்தில் மூன்று நாள், ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். தலை தட்டி வைப்பேன். ஊட்டி கோஸும் கேரட்டும் பீட்ரூட்டும் கூவிக் கூவி விற்கிற ஊரில், கீரையைக் கிண்ணத்தில் அளந்து போடும் ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். மாதம் ஒரு முறை ரத்தம் உறையும் வேகத்தைச் சோதித்து வரும் சீட்டில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எண் இருக்க வேண்டும். இருந்தது. ஒவ்வொரு மாதமும் அந்தச் சீட்டைப் பார்த்து, பரீட்சையில் பாஸானவள் மாதிரி சந்தோஷப்படுவேன்.

இதையெல்லாம் நான் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. எனக்கும் கொஞ்சம் விஷயம் தெரியும், அந்தக் கர்வமும் உண்டு. இருபத்தொன்பது வருடம் ஒரு டீ எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் முதுகில் பையோடு மேடேறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்ததும் கையை நீட்டுவார்கள். அப்படியே பி.பி. பார்த்தால் எல்லோருக்குமே எகிறித்தான் இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படியே பார்த்து, அப்படியே எழுதி, இல்லாத கொதிப்புக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வந்த முதல் வாரமே அதை நிறுத்தினேன். வந்தவர்கள் பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார வேண்டும், பேசக் கூடாது, அப்புறம்தான் கையைத் தொடுவேன். சுற்று வட்டாரத்தில் என் எண்களை டாக்டர்கள் நம்பினார்கள். "அந்தம்மா பார்த்தாங்கன்னா சரியா இருக்கும்" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓய்வு பெற்றபோது டிஸ்பென்சரியில் இருந்த பழைய பி.பி. கருவியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். வட்ட முகமும் முள்ளும் வைத்தது. ரப்பர் உருண்டையை அமுக்கி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, சத்தத்தைக் கேட்டு அளக்க வேண்டும். பேட்டரியில் ஓடுவதை நான் நம்ப மாட்டேன்.

எங்கள் வீட்டில் பெட் டீ பழக்கம். குளிர் ஊரில் காலை ஆறரைக்கு யாரும் பல் நடுங்க எழுந்து உட்கார வேண்டியதில்லை என்று கல்யாணமான புதிதில் அவர்தான் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் ஓய்வு பெற்றதும் முறை மாறி, நான் கொண்டுபோனேன். மாத்திரைகள் வந்த பிறகு அந்த வேளையிலேயே பி.பி.யையும் சேர்த்துக்கொண்டேன். ராத்திரி முழுக்கப் படுத்திருந்த உடம்பு, கம்பளிக்குள் கதகதப்பாகக் கிடக்கிறது. மேடேறவில்லை, பேசவில்லை, கோபப்படவில்லை. இதைவிட நல்ல ஓய்வு எங்கே கிடைக்கும்? போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே இழுத்து அளப்பேன். எண்ணை நோட்டில் எழுதுவேன். அப்புறம் தலையணையை உயர்த்தி டீயும் மாத்திரையும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக் கோயமுத்தூருக்கு அனுப்புவேன். "நல்லா ஓய்வா இருக்கும்போதுதானே அளக்கிறீங்க?" என்று டாக்டர் ஒரு தடவை கேட்டார். "என்னோட ஓய்வு மாதிரி யாரும் குடுக்க முடியாதுங்க டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னேன்.

எண்கள் நூற்று ஐம்பத்தைந்து, நூற்று அறுபது என்று வந்தன. டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதமும் இறங்கவில்லை. நீர் பிரிகிற மாத்திரை ஒன்றையும் சேர்த்தார்.

முதல் தடவை அவர் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பது அவர் வழக்கம். ஆவி நிறைந்த அறையிலிருந்து வெளியே வந்தவர், முகம் வெளுத்து, என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. சும்மா உக்காந்தேன்."

"ஈரத் தரையில யாராச்சும் சும்மா உக்காருவாங்களா?"

"காலு வழுக்குச்சு" என்றார். ரப்பர் விரிப்பு வழுக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்புறம் நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் சோபாவிலிருந்து எழுந்தால் சமையலறையிலிருந்து ஓடி வருவேன். அவர் தோட்டத்துக்குப் போனால் ஜன்னலுக்கு ஜன்னல் மாறிப் பார்ப்பேன். கையில் கரண்டியோடு வாசலில் நிற்கிற என்னைப் பார்த்து, "டியூட்டியில இருக்கிற சென்ட்ரி மாதிரி நிக்காத" என்பார். மதியம் அவர் கண்ணயர்ந்தால் போனை எடுத்துக்கொண்டு உட்காருவேன். வயதானவர்களின் தலைசுற்றலுக்கு எத்தனை காரணம் உண்டோ அத்தனையையும் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. வயதானால் ரத்தக் குழாய்கள் விறைத்துப்போகுமாம், சுவர்களில் சுண்ணாம்பு படியுமாம். அந்தச் சுண்ணாம்பு படியாமல் காப்பதில் வைட்டமின் கே-க்கும் பங்கு இருக்கலாம் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. அதை இரண்டு தடவை படித்தேன். குழாய்க்கு எது நல்லதோ அதைத்தானே நான் கிண்ணத்தில் தலை தட்டிக் கொண்டிருக்கிறேன்? கூட்டிக் கொடுக்கலாமா? கூட்டினால் ரத்தம் உறைந்துவிட்டால்? அன்றைக்கு அடுக்களையில் ஒரு கட்டு பாலக்கைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முழித்தேன். கடைசியில் வழக்கமான கிண்ணம்தான் போட்டேன்.

பிறகு ஒரு நாள் அவர் பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி படுகர் வீட்டுப் பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய அப்பா சோலூர்ப் பக்கம் காய்கறி பயிரிடுகிறார். வாரா வாரம் போய்விட்டு வரும்போது ஒரு பை நிறைய கோஸும் பீட்ரூட்டும் தழையோடு கொண்டுவருவாள். எனக்குப் பொறி தட்டியது. இவர் அங்கே போய்த் திருட்டுத்தனமாகக் கீரை தின்கிறார், மாத்திரையின் வேலை கெடுகிறது, ரத்தம் கெட்டியாகிறது, மூளைக்குப் போகிற குழாயில் எங்கோ துணுக்குத் துணுக்காக அடைக்கிறது, அதனால்தான் தலைசுற்றல். ஒரு நிமிடத்தில் நானே நோயையும் கண்டுபிடித்து, குற்றவாளியையும் பிடித்துவிட்டேன்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கத்தினேன். "எங்க ஊட்டுக்காரருக்கு நீ கீரை குடுத்தியா?"

"இல்ல அக்கா. அவரைக் குழம்புதான்."

"பீட்ரூட் தழை கூடையில இருக்குதே, அது எதுக்கு?"

"அது மாட்டுக்கு அக்கா."

"பொய் சொல்லாத. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு."

அவள் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் ஒன்றரை மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார். "அது நெசமாவே அவரைக் குழம்புதான் புள்ள." நான் நம்பவில்லை. அந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். எண் இரண்டரை. கச்சிதம். எனக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். குற்றவாளி தப்பித்துவிட்ட எரிச்சல்தான் வந்தது.

அந்த மே மாதம் ஒரு காலை, டீயும் மாத்திரையும் ஆகி, குளித்து முடித்து, பத்து மணி வெயிலுக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரோட்டிலிருந்து யாரோ பழைய ஆபீஸ் நண்பர் கைகாட்டியிருக்கிறார். இவர் விருட்டென்று எழுந்து, கையைத் தூக்கி, தூக்கிய கையோடு முன்னால் சாய்ந்தார். நான் ஜன்னலில் இருந்தேன். எப்போதும்போலக் காவல் காத்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னலிலிருந்து வாசலுக்குப் பன்னிரண்டு எட்டு. நான் ஓடிச் சேர்வதற்குள் முதல் படியின் விளிம்பில் அவர் நெற்றி பட்டுவிட்டது.

சில விநாடிகளிலேயே கண் திறந்துவிட்டார். ஆனால் நெற்றியில் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு எழும்பி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை அளவுக்கு ஆனது. நீலம் கண்ணிமைக்கு இறங்கியது. என் சத்தத்துக்கு வேலியைத் தாண்டி முதலில் ஓடி வந்தது அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான். எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஐஸ் கொண்டுவந்தாள், டாக்சி பிடித்தாள், என்னோடு சேர்ந்து அவரைத் தாங்கி முப்பத்தெட்டுப் படியும் இறக்கினாள்.

ஊட்டியில் ஸ்கேன் எடுக்க வேண்டும். சீசன் கூட்டம். அருவங்காடு தாண்டியதும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முன்னால் ஒரு வேனில் பிள்ளைகள் தலையை வெளியே நீட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இறங்கிப் போய் அந்த வேனைத் தள்ளலாம் போலிருந்தது. தலைக்குள் கசிந்தால் முதலில் தூக்கம் வரும், பேச்சு குழறும் என்று தெரியும். அவரைத் தூங்க விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். நம்ம கல்யாணம் எந்தக் கிழமை? ஊட்டுக்கு எத்தனை படி? காலையில என்ன சாப்பிட்டீங்க? அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கேத்தி பிரிவு வந்தபோது, "கொஞ்சம் வாய மூடு புள்ள, தல வலிக்குது" என்றார். தலைக்குள் கசிவதற்குத் தலைவலியும் ஓர் அடையாளம். நான் அழ ஆரம்பித்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நீ கத்துனதுலதான் வலிக்குது" என்றார்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. வெளியே மட்டும்தான் ரத்தக்கட்டு. அதைக் கேட்டு நான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். அந்த இரண்டு வருடத்தில் நான் உருப்படியாக உட்கார்ந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்த டாக்டர் ஒரு பெண். முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. என் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். இரண்டு வருடம், ஒரு நாள் விடாமல் எழுதியது. "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றாள். நான் டிஸ்பென்சரி வேலையைப் பற்றிச் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவரைப் படுக்க வைத்து அளந்தாள். நூற்று ஐம்பத்தெட்டு.

"பாத்தீங்களா, என் எண்ணுதான்" என்றேன்.

"ஆமாம்மா. ஐயா, இப்ப எழுந்து நில்லுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

அவர் எழுந்து நின்றார். அவள் கருவியைக் கழற்றவில்லை. ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் இன்னொரு தடவை அளந்தாள். மூன்று நிமிடம் முடிவதற்குள் அவர் முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்த்து, கண் எங்கோ போனது. குளியலறைக் கதவருகே நான் பார்த்த அதே முகம். உடனே படுக்க வைத்தாள். கருவியைத் திருப்பி என்னிடம் காட்டினாள். நூற்று நான்கு.

"வீட்டுல எப்பவும் எப்படி அளப்பீங்கம்மா?"

"காலையில, பெட் டீக்கு முன்னாடி."

"உட்கார வச்சா?"

"இல்ல. படுக்கையிலேயே. கம்பளிக்குள்ள."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் விளக்கினாள், நான் பாதிதான் கேட்டேன். எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும், இளவயதில் குழாய்கள் சட்டென்று இறுக்கிக்கொண்டு அதை மேலே தள்ளிவிடும், வயதில் விறைத்த குழாய்க்கு அந்த வேகம் இருக்காது. இவருக்குப் படுத்தால் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது. படுத்த எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை கூடிக்கொண்டே போனதில் நிற்கிற மனிதனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்கு மேல் நீர் பிரிகிற மாத்திரை, கொதிக்கிற வெந்நீர்க் குளியல், குளிரில் தாகமே தெரியாமல் தண்ணீர் குடிக்காத பழக்கம். கீரை? கீரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா, அதை நீங்க பாத்துக்கிட்டது ரொம்பச் சரி என்றாள். வைட்டமின் கே குழாய்களைக் காக்கும் என்பதற்கு இன்னும் உறுதியாக ஒன்றும் இல்லை, அந்த ஒரே கிண்ணத்தையே தொடருங்கள் என்றாள்.

கோயமுத்தூர் டாக்டரிடம் அவளே போனில் பேசினாள். "படுத்த ரீடிங்காம் சார்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நோட்டின் மேல் ஓரத்தில் ஒவ்வொரு பக்கமும் நேரம் எழுதியிருக்கிறேன், எந்தக் கை என்று எழுதியிருக்கிறேன். படுத்தபடி என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. மேடேறி வந்தவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்தேனே, அந்த இருபத்தொன்பது வருடத்தில் ஒருத்தரையாவது நிற்க வைத்துப் பார்த்திருக்கிறேனா? பெஞ்சிலிருந்து எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு, சரிவில் கண் இருட்டி எத்தனை பேர் விழுந்தார்களோ. வெயில் என்றும் வெறும் வயிறு என்றும் சொல்லி எத்தனை பேருக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேனோ.

திரும்பி வரும்போது டாக்சியில் நான் வாயைத் திறக்கவில்லை. அது அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

"என்ன புள்ள, சத்தத்தையே காணோம்?"

"நாந்தானுங்க உங்கள தள்ளி உட்டது" என்றேன். "தெனமும் காலைல டீயோட சேத்துத் தள்ளி உட்டிருக்கறேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"மாத்திரை கூட்டினதுலேர்ந்தே எந்திரிச்சா கண்ணு இருட்டும்" என்றார். "தெனமும்தான்."

"தெனமுமா? ரெண்டு வருசமா? ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"நீ காதுல மாட்டிக் கேட்டு, நோட்டுல எழுதறே. நீ எழுதினா சரியாத்தான இருக்கும். என் தலதான் ஏதோ வயசாகிச் சுத்துதுன்னு நெனச்சேன்."

அடிபட்ட நெற்றியோடு சாதாரணமாகத்தான் சொன்னார். குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் தலை சொன்னதைவிட என் நோட்டு சொன்னதை ஒரு மனிதர் இரண்டு வருடம் நம்பியிருக்கிறார். நானோ ஜன்னலுக்கு ஜன்னல் ஓடியிருக்கிறேன், கீரையை அளந்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரியிடம் கத்தியிருக்கிறேன். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு காலையாவது கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை நின்றேனா? கேட்டிருப்பேன், நின்றிருக்க மாட்டேன். பதில் வருவதற்குள் நான் சமையலறையில் இருந்திருப்பேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போனேன். "அவரைக் குழம்பு இருக்குதா?" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் கதவை அகலத் திறந்து, "உள்ள வாங்க அக்கா" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். மாடு பீட்ரூட் தழை தின்றுகொண்டிருந்தது.

இப்போது கொதிப்பு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தியாயிற்று, இன்னொன்று சாயங்காலத்துக்கு மாறிவிட்டது. டாக்டர் சொன்னபடி கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறேன். எழுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவது, வெந்நீரில் பாதி பச்சைத் தண்ணீர். என் பழைய கருவியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்கு இரண்டு கையும் வேண்டும், அவரைப் பிடிக்கக் கை இருக்காது. நான் நம்பாத அந்தப் பேட்டரி மிஷினை வாங்கிவிட்டேன். படுத்து ஒரு தடவை. பிறகு அவர் எழுந்து நிற்க, அவருடைய இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்க வேண்டும். மூன்று நிமிடம்.

மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. முதல் நிமிடத்திலேயே கால் பரபரக்கும். அடுப்பில் என்ன இருக்கிறது என்று நினைப்பு போகும். வெலிங்டன் ராணுவ மைதானத்திலிருந்து பயிற்சிச் சத்தம் கேட்கும். அவர் என்னைப் பார்ப்பார், நான் மிஷினைப் பார்ப்பேன். "என்ன எண்ணு?" என்று அவர் கேட்பார், ஒவ்வொரு நாளும்.

இன்று காலையும் கேட்டார். எண் நூற்று இருபத்தெட்டு. நல்ல எண். என் வாய்வரை வந்துவிட்டது. மிஷினைத் திருப்பிக் கட்டில் மேல் கவிழ்த்து வைத்தேன்.

"அது கிடக்குதுங்க. உங்களுக்கு எப்படி இருக்குது?"

அவருக்கு இந்தக் கேள்வி பழக்கமில்லை. உட்கார்ந்து யோசிக்கிற மனிதர், நின்றபடியே யோசித்தார். நான் நகரவில்லை. சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. அப்போதும் நகரவில்லை.

"தல கொஞ்சம் லேசா இருக்குது" என்றார் கடைசியில். "இருட்டல."

நோட்டை எடுத்து அதை முதலில் எழுதினேன். எண்ணை அதற்குக் கீழே எழுதினேன்.